2.303 எங்கிருந்து வந்தது? மேனிலை வகுப்பின் குரூப் முறையும் அறிவியல் பாடங்களின் வரிசையும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் ஒரு மேசை போடப்படும். மேசை மேல் விண்ணப்பக் கட்டு. மதிப்பெண் பட்டியலில் கணக்கிலும் அறிவியலிலும் வாங்கிய எண்களைப் பென்சிலால் சுழித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர். எதிரே பிள்ளையும் அம்மாவும். "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா சார்?" "எதுல சார் ஸ்கோப் இருக்கு?" "மேத்ஸ் வேண்டாங்குறா. நர்சிங் படிக்க மேத்ஸ் எதுக்கு சார்?" முதுநிலை இயற்பியல் ஆசிரியராக அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். நான் சொன்னவற்றுள் ஒன்று, உயிரியலுக்குப் போகிற பிள்ளைக்குக் கணிதம் தேவையில்லை என்பது, பிழையானது. அந்தப் பிழை என்னுடையது மட்டுமல்ல, நம் பாடத்திட்டத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் பத்து விதமாக ஒலித்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எந்தக் குரூப் எந்தக் கதவைத் திறக்கும்? அறிவியலுக்குள் எந்தத் துறை எதைப் பற்றியது, ஒன்றுக்கு இன்னொன்று எப்படித் தேவைப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. குரூப் என்ற ஏற்பாடு உருப்பெற்றதே சேர்க்கைக் கணக்கை ஒட்டித்தான்.

பதினொரு ஆண்டுப் பள்ளி, ஓராண்டு பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) என்றிருந்த பழைய முறை போய், 1964-66இல் கோத்தாரி குழு வகுத்த பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பு 1978இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. கல்லூரியில் இருந்த பிரிவுகள் பள்ளிக்கு இறங்கி வந்தன. பதினாறு வயதில் எடுத்த முடிவைப் பதினைந்து வயதிலேயே எடுக்க வேண்டியதாயிற்று. தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. 2007 சேர்க்கையிலிருந்து அது நீங்கியது. பின்பு மருத்துவத்துக்கு மட்டும் 2017இல் நீட் வந்தது. வாசல் மாறிக்கொண்டே இருந்தாலும் கட்-ஆஃப் கணக்கின் வடிவம் மனங்களில் பதிந்துவிட்டது. பொறியியலுக்குக் கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக இருநூறு. மருத்துவத்துக்குக் கணிதம் இருந்த இடத்தில் உயிரியல். எதிரெதிரான இரண்டு தட்டுகள் போலக் கணிதமும் உயிரியலும் நம் ஊரில் நிற்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கைத் தவிர அறிவுலகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிரிவினை வகுப்பறையில் என்ன செய்கிறது என்று காட்ட ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வேதிவினை வேகவியல் என்றொரு பாடம். அதில் முதல் வகை வினைக்கான வாய்பாட்டில், பின்னத்தின் மேலே 2.303 என்று ஓர் எண் வரும். கீழே நேரம், பக்கத்தில் தொடக்கச் செறிவுக்கும் எஞ்சிய செறிவுக்குமான விகிதத்தின் மடக்கை. ப்யூர் சயின்ஸ் குரூப் மாணவி ஒருத்தி, அதாவது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்துக் கணிதத்தைக் கைவிட்டவள், வேதியியல் நோட்டோடு என்னிடம் வந்தாள். "சார், இந்த 2.303 எங்கேருந்து வந்துச்சு?" அவளுடைய வேதியியல் ஆசிரியர் அதை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். நானும் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அது பத்தின் இயல் மடக்கை. சிதைந்துகொண்டே போகும் ஒரு பொருள், எஞ்சியிருக்கும் அளவுக்கு ஏற்பவே சிதைகிறது என்ற ஒரு வரிக் கருத்தைத் தொகையிட்டால் இயல் மடக்கை கிடைக்கும். கையில் இருக்கும் மடக்கை அட்டவணையோ பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கைக்கு உரியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்காக நுழைந்ததுதான் 2.303. இதைச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. ஆனால் தொகையிடுவது என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் தாண்டினேன், ஏனென்றால் அவளுக்கு அதைச் சொல்ல அட்டவணையில் எந்தப் பீரியடும் இல்லை.

அதே ஆண்டு இயற்பியலில் கதிரியக்கம் வருகிறது. அங்கே அரை ஆயுட்காலத்துக்கு 0.6931 என்று இன்னோர் எண். அதுவும் மடக்கைதான், இரண்டின் இயல் மடக்கை. கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற அத்தியாயத்தில் மக்கள்தொகைப் பெருக்கமும் கதிரியக்கச் சிதைவும் பயன்பாடுகளாகத் தரப்பட்டுள்ளன. சூழலியலில் ஜே வடிவ வளைவு என்று மாணவர்கள் கலர் பென்சிலால் வரைவதும் இதே சமன்பாட்டின் குறி மாறிய வடிவம்தான். ஒரே கருத்து நான்கு பாடநூல்களில் நான்கு வேடம் போட்டு வருகிறது. நான்கு பாட ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். இதைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசியதில்லை.

கணிதம் இல்லாத குரூப்பின் குறை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலைத் திறந்து பாருங்கள். இரண்டாவது அலகான இயக்கவியலில் வெக்டர் இயற்கணிதமும், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதத்தின் அடிப்படைகளும் தரப்பட்டிருக்கின்றன. திசைவேகத்தை விளக்க அது இன்றியமையாதது; நூலாசிரியர்கள் செய்தது சரிதான். அதே வகுப்பின் கணித நூலில் வெக்டர் இயற்கணிதம் இரண்டாம் தொகுதியில் எட்டாவது அத்தியாயம். வகைநுண்கணிதம் அதற்கும் பிறகு, தொகைநுண்கணிதம் பதினொன்றாவது. ஆக, பள்ளி திறந்த முதற்சில வாரங்களில் இயற்பியல் ஆசிரியர் அவசர அவசரமாக நுண்கணிதம் நடத்துகிறார். மாதங்கள் கழித்துக் கணித ஆசிரியர் அதையே புதிதாகத் தொடங்குவதுபோல் எல்லை என்ற கருத்திலிருந்து தொடங்குகிறார். கணிதம் உள்ள முதல் குரூப் பிள்ளைக்கு ஒரு பாடம் இரண்டு முறை, தலைகீழ் வரிசையில் வருகிறது. ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு ஒரே ஒரு முறை, அதுவும் இயற்பியல் ஆசிரியரின் ஓட்டத்துக்கு நடுவே வருகிறது. அவளுக்கு அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இயற்பியல் நூலுக்குள் ஒரு சிறு கணித நூல் ஒளிந்திருக்க வேண்டிய நிலை வந்தது ஏன் என்று கேட்டால், குரூப் முறை மறைத்துவைத்த ஓட்டை தெரியும்.

மேலே படிக்கப் போகும் இடத்திலும் இந்த ஓட்டையை எல்லாரும் அறிவார்கள். மருந்தியல் பட்டப்படிப்பான பி.பார்ம். முதல் பருவத்தில், பள்ளியில் கணிதம் படிக்காதவர்களுக்கு ஈடுசெய் கணிதமும், உயிரியல் படிக்காதவர்களுக்கு ஈடுசெய் உயிரியலும் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு பள்ளியில் விட்டதை ஆறு மாதத்தில் கல்லூரி ஒட்டுப்போடுகிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180. டாக்டருக்குப் படிக்க மேத்ஸ் எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் கால் பங்கே பதில் சொல்லும். தேர்வை விட்டுவிட்டு உயிரியலுக்கு உள்ளேயே பார்த்தாலும் இதே கதைதான். விலங்கியலில் வரும் ஹார்டி-வெயின்பெர்க் கொள்கை, பத்தாம் வகுப்புக்கு முன்பே படித்த ஈருறுப்பு வர்க்க விரிவு. அதை இயற்கணிதம் என்று அடையாளம் காணாமல், பரிணாமப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு வாய்பாடாகவே பிள்ளைகள் எழுதிவிட்டு வருகிறார்கள்.

துறைகள் தம்மளவில் இந்த வேலிகளை மதித்ததில்லை. ஜி.என். ராமச்சந்திரன் 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, சி.வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, எக்ஸ் கதிர்ப் படிகவியலைத் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் மேல் திருப்பினார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று இழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். பத்தாண்டுக்குள், 1963இல், சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் புரத ஆய்வில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வரைபடத்தின் இரண்டு அச்சுகளும் வெறும் கோணங்கள். உயிரின் கட்டுமானத்தைக் கோண அளவியலால் படித்த இந்த வேலை நடந்தது கிண்டியில், நம் மேனிலைப் பள்ளிகளிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் இளங்கலையும் அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டமும் முடித்த பிறகு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். அவரை எந்தக் குரூப்பில் போடுவது என்று எங்கள் மேசையில் யாராலும் சொல்ல முடியாது.

மேதைகளைக் காட்டிப் பொதுப் பிள்ளைகளுக்கு விதி செய்வது ஆகாது என்பதும் நியாயமான மறுப்பே. அதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதையும் ஒரு மேதையின் வாழ்விலிருந்தே எடுக்கலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (கல்லூரி இடைநிலை வகுப்பு) படித்த ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907இல் எழுதியும் தேறவில்லை. எல்லாரும் எல்லாமும் படித்தே ஆக வேண்டும் என்ற பழைய ஏற்பாடுதான் அவரை வெளியே தள்ளியது. அப்படியிருக்க, குரூப் முறையின் வரவு ஒருவகையில் இரக்கமே. கணிதம் என்றால் கை நடுங்கும் பிள்ளை, முதல் தலைமுறையாகப் பள்ளி வந்த பிள்ளை, அறிவியலை முழுதாகக் கைவிடாமல் செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம், வேளாண்மை என்று போக ப்யூர் சயின்ஸ் வழிவிட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இன்று பணிபுரியும் இருவர் அந்த வழியாகப் போனவர்கள். அந்த வழியை அடைப்பது என் கருத்தன்று.

அதனால் முதல் குரூப் கணிதத்தை எல்லார் தலையிலும் கட்டச் சொல்லவில்லை. வணிகவியல் மாணவர்களுக்கு இங்கே ஏற்கெனவே வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்று தனிப்பாடம் இருக்கிறது. வட்டி, பங்கு, குறியீட்டெண் என்று அவர்கள் துறைக்கு வேண்டிய கணிதத்தை, வேண்டிய ஆழத்தில் தருகிறது. கடைக்கணக்குக்கு ஒரு கணிதம் எழுதிய நாடு உயிருக்கு ஒரு கணிதம் எழுதவில்லை. மடக்கை, அடுக்குக்குறி வளர்ச்சி, மாறுவீதம், வரைபடம் படித்தல், நிகழ்தகவு, சராசரியும் விலக்கமும், இரண்டு குழுக்களை ஒப்பிடும் முறை: இவற்றை மட்டும் கொண்ட ஒரு தாள் போதும். தேர்ச்சிக்குப் பயப்படத் தேவையில்லாத தாளாகவும் அது இருக்க வேண்டும்.

ஆறு தாளுக்கு மேல் ஏழாவது எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்ற ஒரே பாடமாக நூறு மதிப்பெண்ணுக்கு வைக்கப்படுகின்றன. ப்யூர் சயின்ஸில் அவையே இரண்டு முழுப் பாடங்கள். அங்கேயும் அவற்றை ஒன்றாக்கினால் ஓர் இடம் காலியாகும். தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களின் பாடவேளை குறையும். அவர்கள் எதிர்ப்பார்கள், எதிர்ப்பில் நியாயமும் இருக்கும். அவர்களையே புதிய தாளின் புள்ளியியல் பகுதிக்குப் பயிற்றுவிப்பது ஒரு தீர்வு. வயலில் நான்கு மூலை அளந்து செடி எண்ணும் செய்முறையைக் கணித ஆசிரியரைவிட அவர்கள் நன்றாக நடத்துவார்கள்.

பாட வரிசையைச் சரிசெய்ய அரசாணையோ பணமோ வேண்டாம். இயற்பியல் இரண்டாம் அலகுக்கு முன்னால் கணிதத்தில் நுண்கணித அறிமுகம் வந்தால் போதும். கணித ஆசிரியர் விரும்பினால் நாளைக்கே தன் பள்ளியில் அத்தியாயங்களை முன்பின்னாக நடத்தலாம். பருவத் தேர்வுக்குப் பொது வினாத்தாள் வரும் மாவட்டங்களில் மட்டும் கை கட்டப்பட்டிருக்கும். பணி ஓய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் எங்கள் பள்ளியில் கணித ஆசிரியரும் நானும் இதைச் செய்து பார்த்தோம். ஜூன் கடைசியில் அவர் வகைக்கெழு தொடங்கினார். ஜூலையில் நான் திசைவேகத்துக்கு வந்தேன். மதிப்பெண் உயர்ந்ததா என்று அளக்கும் அளவுக்கு எங்கள் வகுப்பு பெரிதல்ல. எனவே அப்படி எதையும் உரிமை கொண்டாட மாட்டேன். என் பாடவேளையில் எட்டு பீரியட் மிச்சமானது. அது கணக்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளை வரும் ஆண்டு அந்த மேசைக்கு எதிரே உட்காருமானால், எதில் ஸ்கோப் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே, கணிதம் இல்லாத குரூப்பில் இயற்பியல் ஆசிரியர் நுண்கணிதத்துக்கு எத்தனை பீரியட் ஒதுக்குகிறார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.