விண்மீன் முதல் செய்மதி வரை



கல்முனைக் கரையிலிருந்து படகு தள்ளிக் கடலிற் புகும் மீனவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "நான் இப்போது எங்கே நிற்கின்றேன்?" என்பதே அது. கரை கண்ணுக்குத் தெரியும்வரை அதற்கு விடை காண்பது எளிது. கரை மறைந்த பின்னரோ அது உயிரைக் காக்கும் வினாவாகி விடுகின்றது. இக்காலத்தில் அவன் கையிலுள்ள கையடக்கத் தொலைபேசி அதற்குச் சில விநாடிகளில் விடையிறுக்கின்றது. அவ்விடை மனிதனுக்கு எவ்வழியே வந்து வாய்த்தது, அது எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த கரை இது. கடலிலிருந்து நோக்குவார்க்கு மணலும் தென்னையுமாகப் பெரிதும் ஒரே தோற்றந் தருவது. ஆகவே, உயர்ந்ததொரு மரம், பள்ளிவாசலின் மினாரா, கோயிற் கோபுரம், தொலைவிலே நீலமாய்த் தெரியும் உள்நாட்டு மலை ஆகியவற்றையே கடலோடிகள் அடையாளமாகக் கொண்டனர். கரையிலுள்ள மினாராவும் அதன் பின்னே நிற்கும் மலையும் ஒரே நேர்கோட்டில் வந்தால் படகு அக்கோட்டின்மேல் நிற்கின்றது என்பது பொருள். வேறு திசையில் இவ்வாறே இன்னொரு சோடி அடையாளம் கிடைக்குமாயின், இரு கோடுகளும் வெட்டுமிடமே படகு நிற்குமிடம். ஏட்டில் எழுதாத கேத்திரகணிதம் இது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. அப்பெருந் துயரின் முன்னே வேறெதுவும் சிறியதே. ஆயினும், கரையோர வீடுகளோடும் மரங்களோடும் கடலோடிகள் பழகி வைத்திருந்த அடையாளங்கள் பலவும் அன்று அழிந்தன என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளல் வேண்டும்.

கரை மறைந்தபின் துணையாய் நின்றவை விண்மீன்கள். துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே நாம் நிற்குமிடத்தின் அகலக்கோடு. கல்முனையில் அது ஏழு பாகையளவே உயர்ந்து நிற்கும். அரபு மாலுமிகள் இவ்வுயரத்தை விரற்கணக்கில் அளந்தனர். முடிச்சுகளிட்ட கயிறு கோத்த சிறு பலகையே அவர்களுடைய கருவி. கயிற்றைப் பல்லாற் கடித்துப் பிடித்துப் பலகையின் கீழ்விளிம்பை அடிவானிலும் மேல்விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்துவர். அதற்குக் 'கமால்' என்று பெயர். தமிழ்க் கடலோடிகள் இதனை 'ராப்பலகை' என்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் இக்கலையின் நுட்பங்களை விரிவாக எழுதி வைத்தார்.

ஆனால், நட்சத்திரத்தின் உயரம் வடக்குத் தெற்கை மட்டுமே உணர்த்தும். கிழக்கு மேற்கை, அதாவது நெடுங்கோட்டை அறியக் காலம் தெரிதல் வேண்டும். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. எனவே, மணிக்கூட்டில் ஒரு நிமிடம் பிழைத்தால், இக்கடலில் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் பிழைத்துவிடும். கப்பலின் ஆட்டத்துக்கு அசையாது காலங் காட்டும் மணிக்கூட்டை இங்கிலாந்தின் தச்சர் ஜோன் ஹரிசன் 1759 இல் செய்து முடித்தார். இடத்தை அறியக் காலத்தை அளந்த இம்முறையே இன்றைய தொலைபேசிக்கும் அடிப்படை.

1957 அக்டோபர் 4 இல் சோவியத் ஒன்றியம் 'ஸ்புட்னிக்' என்னும் முதற் செய்மதியை ஏவியது. அதன் வானொலி ஒலியைச் செவிமடுத்த அமெரிக்க விஞ்ஞானிகள், அவ்வலையில் நிகழும் மாற்றத்தைக் கொண்டே செய்மதியின் பாதையைக் கணித்தனர். அக்கணக்கைத் திருப்பிப் போட்டால், பாதை தெரிந்த செய்மதியைக் கொண்டு கேட்பவன் நிற்குமிடத்தைக் கணிக்கலாமன்றோ? அவ்வெண்ணமே 'ட்ரான்சிற்' என்னும் கடற்படை ஏற்பாடாகி 1964 இல் இயங்கலாயிற்று. பின்னர், 1978 பெப்ரவரியில் ஜி.பி.எஸ். வரிசையின் முதற் செய்மதி ஏவப்பட்டது.

படைத்தேவைக்காகப் பிறந்த இக்கருவி பொதுமக்களுக்குக் கிட்டியதன் பின்னே ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள், வழிதவறிச் சோவியத் வான்பரப்பிற் புகுந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, ஏற்பாடு நிறைவெய்தியதும் உலகத்தார் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஜனாதிபதி ரேகனின் அரசாங்கம் அறிவித்தது. 1995 இல் அது முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 1999 இல் பின்லாந்தின் பெனிபோன் நிறுவனம் இவ்வசதியைக் கையடக்கத் தொலைபேசியில் சேர்த்தது.

இது இயங்கும் முறையை வானொலி நேயர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒவ்வொரு செய்மதியும் ஒரு வானொலி நிலையம். அது அணுமணிக்கூட்டைப் பார்த்து, "நான் இன்ன இடத்தில் இருக்கின்றேன், இப்போது நேரம் இன்னது" என்று ஓயாது அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தொலைபேசி தூரத்தைக் கணிக்கின்றது. விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீற்றர் பிழைக்கும். தொலைபேசியின் சொந்த மணிக்கூடு அத்துணை நுட்பமானதன்று. ஆகையால், அதன் பிழையையும் சேர்த்துக் கணிக்க நான்கு செய்மதிகள் வேண்டியிருக்கின்றன.

இங்கே இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, செய்மதி பேசுகின்றது, தொலைபேசி கேட்கின்றது. ஆகவே, கரையிலுள்ள தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுந்த நடுக்கடலிலும் இடத்தை அறியலாம். வேண்டிய படத்தை முன்னரே தொலைபேசியிற் சேர்த்து வைத்திருத்தல் மட்டும் அவசியம். இரண்டாவது, நாம் பேசுவதைச் செய்மதி கேட்பதில்லை. நமது வானொலிப் பெட்டியை நோக்கி நாம் எவ்வளவு உரக்கக் கூவினாலும் நிலையத்துக்குக் கேளாதது போன்றதே இதுவும்.

இரண்டாவது உண்மையை மறப்பதே ஆபத்து. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அக்காலத்திலே இயந்திரம் பழுதுபட்ட படகு வங்காள விரிகுடாவினுள் தள்ளப்படும். அப்போது தொலைபேசி, படகு நிற்குமிடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் சொல்லும். ஆயினும், கரையிலுள்ளார் ஒருவருக்கும் அது தெரியாது. தான் நிற்குமிடத்தை அறிதல் வேறு. பிறர்க்கு அறிவித்தல் வேறு. இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் விதித்து 2016 இல் நீக்கிய தடையின்போது, பலநாட் கலங்களைச் செய்மதி வழியே கண்காணிக்கும் கருவி பெரிதும் பேசப்பட்டது. இடத்தைக் கரைக்கு அனுப்புவதே அக்கருவியின் தொழில். அத்தகைய கருவியில்லாச் சிறு படகுகளுக்கு வானொலித் தொடர்புப் பெட்டியும், புறப்படுமுன் செல்லுந் திசையைக் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்லும் பழைய வழக்கமுமே காப்பு.

கரையிலுள்ளோர்க்கும் இக்கருவி உதவுகின்றது. தொழுகைக்குரிய கிப்லாத் திசை, கல்முனையில் நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை சாய்ந்தது. முன்னோர் விண்மீனாலும் கணிதத்தாலும் கண்டறிந்த இத்திசையை இன்று தொலைபேசியும் கணித்துக் காட்டுகின்றது.

புதியது வந்ததனாற் பழையதை மறத்தல் வேண்டியதில்லை. இளைஞர் தொலைபேசியைக் கற்கட்டும். அதனோடு முதியோரிடம் விண்மீனையும் கேட்டறியட்டும். வானந் தெளிந்த இரவிலே கடலில் நின்று, வடக்கு நோக்கிக் கையை நீட்டி, நான்கு விரல்களைக் கிடையாக அடிவானின்மேல் வையுங்கள். சுட்டுவிரலின் மேல்விளிம்பை அண்டித் துருவ நட்சத்திரம் தெரியும். தொலைபேசியின் மின்கலம் தீர்ந்த இரவிலும் அதனைக் கொண்டு வடக்கை அறியலாம். வடக்கை அறிந்தவன் மேற்கே உள்ள தன் ஊர்க் கரையையும் அறிவான்.