மணல் மூடிய ஃபைல்

டெலீட் ஆன ஃபைலை மீட்டுத் தருகிறோம் என்ற பலகை இன்று ஊருக்கு ஊர் தொங்குகிறது. தொலையவிருந்த ஆவணத்தை மீட்கும் இந்த வேலையைச் செங்கல்பட்டுச் சீமை ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே பார்த்திருக்கிறது.

திருக்கழுக்குன்றத்து இறைவனுக்குக் கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் நிலம் கொடுத்தான். வாதாபி கொண்ட நரசிம்ம பல்லவனும் அதைக் காத்தான். பிறகு பல்லவர் போய்ச் சோழர் வந்தார்கள். ஆட்சி மாறினால் பழைய சாசனம் செல்லுமா என்ற கவலை வரத்தானே செய்யும்? புத்தன் என்பவர் விண்ணப்பிக்க, முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டில், முன்னவர்கள் கொடுத்த கதையையும் சேர்த்தே கொடையைப் புதுப்பித்துக் கல்லில் வெட்டினார்கள்.

திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் இன்னும் முன்யோசனைக்காரன். கோயில் விமானத்தைத் திரும்பக் கட்டுவதற்காகப் பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லேறின. நாம் பேக்கப் என்பது இதைத்தான்.

அப்படிப் படியெடுக்க மறந்தவர்களுக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் பீட்டர் நார்ட்டன். கைதவறித் தன் ஃபைலையே அழித்துவிட்டு, அதை மீட்க அவர் எழுதிய ‘அன்இரேஸ்’ 1982இல் விற்பனைக்கு வந்தது. சூட்சுமம் எளிது. அன்றைய கணினிகளின் இயங்குதளமான டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது உள்ளே இருப்பதைத் தொடாது. பட்டியலில் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, இடம் காலி என்று குறித்துவிடும், அவ்வளவுதான். அன்இரேஸ் நம்மிடம் அந்த ஓர் எழுத்தைக் கேட்டு வாங்கி ஃபைலை எழுப்பிவிடும். சென்ட்ரல் பாயின்ட் நிறுவனமும் போட்டிக்கு வந்தது. 1991இல் மைக்ரோசாஃப்ட் அவர்களிடம் உரிமம் வாங்கி, டாஸ் 5உடன் ‘அன்டெலீட்’ கட்டளையைச் சேர்த்தே கொடுத்தது.

ஃபைல் மட்டுமல்ல, கோயிலும் இப்படி மீண்டதுண்டு. 2004 டிசம்பர் 26. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் சுனாமி மணலை வாரிக்கொண்டு போனது. மூடிக்கிடந்த பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. மறு ஆண்டு தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் கால முருகன் கோயில் ஒன்றும், அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. கல்லாலான வேல்கூட இருந்தது. அத்தனை காலமும் மேலே கிடந்தது மணல்தான்.

அழிந்த ஃபைலும் மேலே வேறொன்று எழுதப்படும்வரை அப்படித்தான் அடியில் கிடக்கும். அதனால் ஃபைல் போய்விட்டால் அந்த டிஸ்க்கில் வேறெதையும் எழுதாதீர்கள். மீட்கும் மென்பொருளைக்கூட வேறு டிஸ்க்கில் போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. இந்த இடம் காலி என்று சொல்லும் ‘டிரிம்’ கட்டளை வந்ததும் அது காலி இடத்தைத் தானே துடைத்துவிடும். ராஜராஜன் செய்ததுபோல் முன்பே ஒரு படி எடுத்து வையுங்கள்.