71 டிகிரி எங்கிருந்து வந்தது? ஒரு தெர்மோஸ்டாட் வரலாறு

திண்டுக்கல்லில இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இந்த எபிசோடு. அவர்கிட்ட ரீமேப் பண்ணின டர்போ பெட்ரோல் கார் இருக்கு. கம்பெனி தெர்மோஸ்டாட் 88 டிகிரியில திறக்குது. "ஏப்ரல் மே வெயில்ல எங்க ஊர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும் ப்ரோ, 71 டிகிரி தெர்மோஸ்டாட் மாட்டினா என்ஜின் கூலா ஓடுமா, பவர் கிடைக்குமா?"ன்னு கேட்டிருந்தார்.

எனக்கு அந்த 71தான் உறுத்துச்சு. ஏன் 70 இல்ல, 75 இல்ல? 71 செல்சியஸ்ங்கிறது 160 ஃபாரன்ஹீட். அப்படின்னா இது அமெரிக்க நம்பர். எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா, கதைக்கும் பவருக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல கருவியைப் பார்த்திடுவோம். ஃபோர்டு மாடல் டி காலத்துல தெர்மோஸ்டாட்டே கிடையாது. பெரும்பாலான மாடல் டி கார்கள்ல வாட்டர் பம்ப்பும் கிடையாது. சூடான தண்ணி மேல ஏறும், ரேடியேட்டர்ல ஆறினது கீழ இறங்கும், அவ்வளவுதான் சிஸ்டம். அப்புறம் துருத்தி மாதிரி விரியுற தெர்மோஸ்டாட் வந்துச்சு. 1930கள்ல செர்ஜியஸ் வெர்னெட் மெழுகு வச்சு ஒண்ணு உருவாக்கினார். சின்ன உலோகக் குப்பி, உள்ளே மெழுகும் செம்புத் தூளும். மெழுகு உருகும்போது விரியும், ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். எந்த மெழுகைப் போடுறோமோ அதை வச்சுத்தான் திறக்குற டிகிரி. துருத்தி வகை, ரேடியேட்டருக்குள்ள அழுத்தம் ஏறினா குழம்பிடும். மெழுகுக்கு அந்தப் பிரச்சினை இல்ல. இன்னைக்கும் உங்க கார்ல இருக்கிறது அதே மெழுகுதான்.

இங்க ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. தெர்மோஸ்டாட் என்ஜினைக் குளிர வைக்கிற கருவி இல்ல. இதுக்குக் கீழ போகாதேன்னு தரை போடுற கருவி. 88ல திறக்க ஆரம்பிக்கும், இன்னும் பத்துப் பதினைஞ்சு டிகிரி ஏறினா முழுசா திறந்திடும். அதுக்கு மேல அது வேடிக்கை பார்க்கும். கூரையைத் தீர்மானிக்கிறது ரேடியேட்டர், ஃபேன், காத்தோட்டம்.

சரி, 160க்கு வருவோம். அந்தக் கால அமெரிக்காவுல குளிர்காலத்துல தண்ணி உறையாம இருக்க ரேடியேட்டர்ல ஆல்கஹால் கலப்பாங்க. மெத்தனால் 65 டிகிரியில கொதிக்கும், எத்தனால் 78ல. என்ஜினை 88ல ஓடவிட்டா ஆல்கஹால் ஆவியாப் போயிடும், மறுநாள் காலையில பிளாக் வெடிச்சிருக்கும். அதனால தெர்மோஸ்டாட்டைத் தாழ்வா வச்சாங்க. 1927ல பிரெஸ்டோன் பேர்ல எத்திலீன் கிளைக்கால் சந்தைக்கு வந்துச்சு. அது கொதிக்க 197 டிகிரி வேணும். காரணம் மெல்ல மறைஞ்சுது, நம்பர் கடையில தங்கிடுச்சு. பின்னாடி மாசுக் கட்டுப்பாட்டுக்காக கம்பெனிகள் 195 ஃபாரன்ஹீட்டுக்கு ஏத்தினப்போ, ஹாட் ராட் பசங்க பழைய 160ஐத் தேடி எடுத்தாங்க. நம்ம புரோகிராமர் பாஷையில சொன்னா லெகசி கோடு.

ஆனா நம்ம பக்கத்துக்கு இன்னொரு கதை இருக்கு, அது எனக்கு இன்னும் பிடிச்சது. நம்ம அம்பாசடர்ல ரொம்ப வருஷம் ஓடினது பிரிட்டிஷ் பி.எம்.சி. பி சீரீஸ் என்ஜின், 1489 சிசி. அதே குடும்பத்து என்ஜின்தான் 1962ல வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்லயும். அந்த எம்.ஜி.பி. மேனுவல்ல மூணு தெர்மோஸ்டாட் இருக்கும்: சாதாரணமா 82, குளிர் நாடுகளுக்கு 88, வெப்ப நாடுகளுக்கு 74. அதாவது, தாழ்வான தெர்மோஸ்டாட் ஏதோ டியூனர் கண்டுபிடிப்பு இல்ல, கம்பெனியே நம்ம மாதிரி ஊருக்கு ஒத்துக்கிட்டது.

அது அந்த என்ஜின்களுக்கு நியாயமும்கூட. வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடுல இருந்து கொடைக்கானல் ஏறுறதை நினைச்சுப் பாருங்க. கொடைக்கானல் 2,100 மீட்டருக்குப் பக்கம். அந்த உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோட ரப்பர் போயிருந்தா உள்ளே அழுத்தம் நிக்காது, அப்போ ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். ரெண்டாவது கியர்ல, கம்மி வேகத்துல, ஃபுல் லோடுல ஏறுற காருக்கு 82ல இருந்து 93 ரொம்பக் கிட்ட. 74ல இருந்து கிளம்பினா கொஞ்சம் அவகாசம். பழைய வண்டிங்க ஊத்து பக்கம் ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி வச்சு, பிளாஸ்டிக் குடத்தோட நின்ன காட்சியை நம்ம அப்பாங்க தலைமுறையைக் கேட்டா சொல்வாங்க.

அப்புறம் நம்ம ஊர் மெக்கானிக் வைத்தியம்: "வால்வைக் கழட்டிட்டேன் சார், இனிமே சூடாகாது." தமிழ்நாட்டுல பழைய கார் வச்சிருந்த வீடுகள்ல இதைக் கேட்காதவங்க கம்மி. உண்மையான நோய் வேற. சமவெளி போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி, உப்பு படிஞ்சு குழாய் அடைச்சிருக்கும். கூரை இறங்கிடுச்சு, நாம தரையைத் தோண்டினோம். இன்னொண்ணு, சில என்ஜின்கள்ல தெர்மோஸ்டாட்டை வெறுமனே எடுத்தா பைபாஸ் வழி எப்பவும் திறந்தே கிடக்கும். தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தும். அதனாலதான் மினி கார் ரேஸ் ஆளுங்க தெர்மோஸ்டாட்டை எடுத்தா அந்த இடத்துல ஒரு ஸ்லீவ் மாட்டுவாங்க.

குளிர்ச்சியா ஓட்டினா என்ன நஷ்டம்? அதையும் 1930கள்லயே பிரிட்டன்ல ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. சிலிண்டர் சுவர் குளிர்ந்து இருந்தா, எரிஞ்ச பெட்ரோல்ல வர்ற நீராவி அங்கேயே படிஞ்சு அமிலமாகி, சுவரை அரிக்கும். தேய்மானத்துல பெரிய பங்கு உராய்வு இல்ல, இந்த அரிப்பு. ரேஸ் என்ஜினுக்கு இது கவலையே இல்ல. சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்திலேயும் சரி, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் சரி, ரேஸ் என்ஜினை அடிக்கடி பிரிச்சு மாட்டுவாங்க. நேயரோட கார் தினம் ஆபீஸுக்கும் போகணும்.

அதுக்காக 71 கேட்கிறவங்களை முட்டாள்னு சொல்ல மாட்டேன். ஃபுல் லோடுல கூலன்ட் குளிர்ச்சியா இருந்தா நாக்கிங் குறையும், ஈ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கைப் பின்னால இழுக்காது, பவர் கைக்கு வரும். இது நிஜம். 1990களோட கடைசியில பி.எம்.டபிள்யூ. மெழுகுக்குள்ள ஒரு ஹீட்டர் வச்சதும் இதுக்குத்தான். நிதானமா ஓட்டினா 100ஐத் தாண்டிச் சூடா விடும், மிதிச்சா கரண்ட் கொடுத்து மெழுகை உருக்கி, சீக்கிரமே குளிர வைக்கும். ஒரே நம்பர் எல்லா நேரத்துக்கும் சரிவராதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி.

ஆனா சாதா தெர்மோஸ்டாட்ல 71 போட்டா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டிராஃபிக்ல நிக்கும்போது ஃபேன் எப்போ ஓடணும்னு ஈ.சி.யூ.தான் சொல்லும். அது 95, 100னு காத்துக்கிட்டிருந்தா, உங்க 71 முழுசா திறந்தும் சூடு அங்கேதான் போய் நிக்கும். டிசம்பர் காலையில ஹைவேல போனா நேர்மாறு: சூடே ஏறாது, பெட்ரோல் கூடுதலா குடிக்கும், சில கார்ல பி 0128 கோடு வந்து செக் என்ஜின் லைட் எரியும்.

என் முடிவு, 71 வேண்டாம். 80, 82 யோசிக்கலாம், ஃபேன் செட்டிங்கையும் சேர்த்து மாத்தினா மட்டும். அதுக்கும் முன்னாடி ஒரு ஓ.பி.டி. டாங்கிளை மாட்டி, மதிய வெயில்ல சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி கூலன்ட் டெம்பரேச்சரை லாக் பண்ணுங்க. ரேஸ் ஓட்ட வேண்டாம், எதிர்ல பலாப்பழ வண்டி வரும். கோடு 90 சொச்சத்துல நேரா நின்னா உங்க தெர்மோஸ்டாட் இன்னும் வேலை செய்யுது, தாழ்வானது போட்டா கோடும் இறங்கும். 105ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போனா அது எப்பவோ முழுசா திறந்தாச்சு. காசை ரேடியேட்டருக்குப் போடுங்க, இல்லேன்னா அந்த ரீமேப்பைக் கொஞ்சம் இறக்குங்க. லாக் ஃபைலை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல கிராஃபை வச்சே பேசிடலாம்.