கீரையும் நஞ்சறுப்பானும்

தில்லியில் பங்குனி பிறந்ததும் நம்மவர் பலருக்கு அடுக்குத்தும்மல் தொடங்கிவிடுகிறது. கண் அரிக்கும், மூக்கு நீராய் ஒழுகும். சளியென்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்போம். ஆனால் குற்றம் குளிருடையதன்று. காற்றில் மிதந்துவரும் மகரந்தத்தினுடையது. அதனைத் தூவும் மரங்களுள் ஒன்று இங்கு விலாயதி கீகர் எனப்படுகிறது. இராமநாதபுரத்தார் அதனைச் சீமைக்கருவேல் என்று நன்கறிவர். நம்மைப் போலவே அதுவும் வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியதுதான்.

1819-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் இந்நோயைத் தம் உடலிலேயே கண்டு விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. மகரந்தமே காரணம் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1873-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார்.

இனி மருந்துக்கு வருவோம். நஞ்சறுப்பான் என்னும் கொடி நம் நாட்டுக்கே உரியது. சோழமண்டலக் கரையில் அதன் வேரை வாந்தி மருந்தாகப் பயன்படுத்தியதைத் தாவரவியலறிஞர் வில்லியம் ராக்ஸ்பர்க் குறித்து வைத்தார். ஆஸ்துமாவுக்கும் அது பெயர்பெற்றிருந்தது. இந்நம்பிக்கையைத் தில்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிலையத்து டாக்டர் சிவபுரி முதலியோர் 1960-களில் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். மகரந்த ஒவ்வாமையை ஆராய்ந்தவர்களும் அவர்களே.

1969-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஆஸ்துமா நோயாளர் 110 பேர் பங்கேற்றனர். ஒரு சாரார் நாளொன்றுக்கு ஓர் இலையாக ஆறு நாள் நஞ்சறுப்பானை மென்று விழுங்கினர். மற்றவர்க்குக் கொடுத்தது வெறும் கீரையிலை. எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மதிப்பிட்ட மருத்துவரும் அறியார். வார முடிவில் நஞ்சறுப்பான் உண்டவருள் நூற்றுக்கு 62 பேர் குணம் கண்டனர். கீரை உண்டவரிலும் 28 பேருக்குக் குணமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்! கீரையின் பெருமையன்று அது. மருந்துண்டோம் என்ற நம்பிக்கையும், தானே ஏறியிறங்கும் நோயின் இயல்பும் செய்த வேலை.

இலை உண்டவர் சிலருக்கு வாய் புண்ணாயிற்று, உப்புச்சுவை மறைந்தது, குமட்டலும் வாந்தியும் கண்டன. வாய் வெந்தவர் தமக்குக் கிடைத்தது கீரையன்று என்று ஊகித்திருக்கக் கூடுமன்றோ? என் ஐயம் அங்கேதான். 1979-இல் வெளியான வேறொரு குழுவினரின் சோதனையில், இம்மூலிகைக்கும் போலி மருந்துக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாந்தி வருவிக்கும் என்று ராக்ஸ்பர்க் எழுதியதை மட்டும் எந்தச் சோதனையும் மறுக்கவில்லை.