நெல்லைச் சோதிக்கும் கருவியைச் சோதிப்பது யார்?

செண்பகனூரில் மூடுபனிக் காலத்தைக் கழித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். காலையில் பொரித்த அப்பளம் மாலைக்குள் துவண்டுவிடும்; உப்புச் சாடியில் நீர் கசியும். இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த என் மாணவர் ஒருவர் தம் வயலில் விளைந்த அரிசி கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சரியாக 100 கிராம் நிறுத்து, ஒரு தட்டில் பரப்பி, பனி நுழையும் சன்னலருகே வைத்தேன். நான்கு நாள் கழித்து நிறுத்தபோது 102 கிராமைத் தாண்டியிருந்தது. ஒரு மணி அரிசிகூடக் கூடவில்லை. கூடியது காற்றிலிருந்து வந்த நீர்.

தானியம் சுவாசிக்கும் பொருள் மட்டுமன்று. சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் நீரைக் கொடுத்து வாங்கும் பொருளும் ஆகும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால் நெல் ஏறக்குறைய 13 அல்லது 14 விழுக்காடு ஈரத்தில் நிலைபெறும். காற்று 90 விழுக்காட்டை எட்டினால் நெல்லின் ஈரமும் 17ஐ ஒட்டி ஏறிவிடும்.

இதைக் கண்ட அந்த மாணவர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், போன குறுவையில் எங்கள் அப்பாவின் நெல்லை ஓர் இடத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே நாளில் வேறோர் இடத்து மெஷினில் பார்த்தபோது வரம்புக்குள் இருந்தது. நெல்லை மெஷின் சோதிக்கிறது. மெஷினை யார் சோதிக்கிறார்கள்?”

நல்ல கேள்வி. இதற்கு விடை காண நாம் சற்று வரலாற்றுக்குள் போக வேண்டும்.

பெயர் சூட்டப்பட்ட மரக்கால்

8 நாழி கொண்டது ஒரு மரக்கால். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம் என்று நம் முன்னோர் நெல்லை முகந்து அளந்தனர். ஆனால் யாருடைய மரக்கால்? சற்றே சிறிய மரக்காலால் கொடுத்து, சற்றே பெரிய மரக்காலால் வாங்குபவன் எக்காலத்திலும் உண்டு. ஆகவேதான் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், நெல்லை இத்தனை கலம் அளக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது ‘ராஜகேசரி’ என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் சொல்கின்றன. கவனியுங்கள்: ஓர் அளவு, மற்றோர் அளவுக்கு ஒப்பிடப்படுகிறது. அளக்கும் கருவிக்கும் ஓர் அளவு வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று.

பிற்காலத்தில் ஊருக்கு ஒரு படி என்றாகிக் குழப்பம் மிகுந்தது. விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டில் எடைகள், அளவைகள் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்திற்கு வந்தன. இந்தியாவுக்கென வழங்கப்பட்ட 57ஆம் எண் கொண்ட மூலக் கிலோகிராம், புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்டது. அதிலிருந்து ஆதாரப் படிக்கல், இரண்டாம் நிலைப் படிக்கல், பணிப் படிக்கல் என்று ஓர் ஏணி இறங்கி வந்து, கடைக்காரரின் தராசைத் தொடுகிறது. கிலோகிராமின் வரையறை 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியைச் சார்ந்ததாக மாறிவிட்டது. ஆனால் ஏணி மாறவில்லை.

இப்போது நடப்பிலுள்ள சட்டமுறை அளவியல் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஏப்ரல் முதல் செயலுக்கு வந்தது. அதன் விதிகளின்படி கடைக்காரரின் படிக்கல்லை 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசை 12 மாதங்களுக்கு ஒரு முறையும் சோதித்து முத்திரையிட வேண்டும். எடையைப் பொறுத்தவரை மாணவரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஈரத்திற்கு?

பல்லும் கையும்

நெல் காய்ந்ததா என்று அறிய நம் உழவர்கள் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். ‘நறுக்’கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பதும் உண்டு. அனுபவசாலியின் பல் பெரும்பாலும் பொய் சொல்லாது. ஆனால் வாங்குபவரின் பல்லும் விற்பவரின் பல்லும் ஒரே விடையைச் சொல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

பணம் கைமாறும் இடத்தில் எண் வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய ப்ரௌன், டுவெல் என்ற இருவர் 1907ஆம் ஆண்டில் ஒரு விரைவான முறையை வெளியிட்டனர். 100 கிராம் தானியத்தை எண்ணெயில் இட்டுச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். அந்த ஆவியைக் குளிர்வித்து ஓர் அளவுகுழாயில் சேர்த்தால், ஒவ்வொரு மில்லிலிட்டரும் ஒரு விழுக்காடு ஈரத்தைக் குறிக்கும். எளிய முறை, ஆனால் ஒவ்வொரு முறையும் அடுப்பு வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

பின்னர் மின்சார மானிகள் வந்தன. அவற்றின் தத்துவத்தை நீங்கள் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். நீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80. உலர்ந்த தானியத்தினுடையது அதில் மிகச் சிறு பங்கு. ஆகவே இரு உலோகத் தகடுகளுக்கிடையே நெல்லை நிரப்பினால், நெல்லில் ஈரம் கூடக்கூட அந்த மின்தேக்கியின் மின்தேக்குத்திறனும் கூடும். மானி சில விநாடிகளில் ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மானி ஈரத்தை அளக்கவில்லை. மின்தேக்குத்திறனை அளந்து, ஈரத்தை ஊகிக்கிறது! நெல் சூடாக இருந்தால் எண் மாறும். தளர்வாகக் கொட்டினால் ஓர் எண், அழுத்தி நிரப்பினால் மற்றோர் எண். மக்காச்சோளத்திற்கான அட்டவணையை நெல்லுக்குப் பயன்படுத்தினால் விடை தவறும். மேலே மழை நனைத்து உள்ளே காய்ந்த மணியும், மேலே காய்ந்து உள்ளே ஈரமான மணியும் அதனை ஏமாற்றக்கூடும்.

அலமாரியில் வைக்க முடியாத படிக்கல்

ஒரு கிலோகிராம் படிக்கல்லை அலமாரியில் பூட்டி வைக்கலாம். அடுத்த ஆண்டும் அது ஒரு கிலோகிராமாகவே இருக்கும். ‘17 விழுக்காடு ஈரமுள்ள நெல்’ என்று ஒரு மாதிரியைப் பூட்டி வைக்க முடியுமா? சில நாட்களில் அது காய்ந்துவிடும் அல்லது பூஞ்சை பிடிக்கும். ஈரத்திற்கு மூலப் படிக்கல் கிடையாது.

அப்படியானால் தரம் எங்கே இருக்கிறது? ஒரு பொருளில் அன்று, ஒரு செய்முறையில் இருக்கிறது. அரைத்த தானியத்தில் சுமார் 5 கிராம் எடுத்து, 130 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலர்த்தும் அடுப்பில் 2 மணி நேரம் வைத்து, குறைந்த எடையைக் கணக்கிடுவதே அச்செய்முறை. நம் நாட்டின் தர நிர்ணயத்தில் ‘ஐ.எஸ். 4333’ என்ற எண்ணின் இரண்டாம் பகுதி இதற்குரியது. மானி அடிக்கடி இந்த அடுப்பின் முன் வந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும். பருவம்தோறும், தானியந்தோறும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மானியைச் சோதிக்கும் விதிகள் யாவற்றின் உட்கருத்தும் இதுவே.

இந்த விதிகள் எளிதில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் தானியத் தரச் சட்டம் 1916இலேயே வந்துவிட்டது. எனினும் 1975ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் முதலிய துறைமுகங்களில் சோதகர்கள் லஞ்சம் வாங்கியதும், தரத்திலும் எடையிலும் மோசடி நடந்ததும் வெளிப்பட்டன. அதன் விளைவாக 1976இல் கூட்டாட்சித் தானியச் சோதனைப் பணி என்ற தனி அமைப்பு உருவாயிற்று. பின்னர் சல்லடை, மாதிரி பிரிக்கும் கருவி, ஈரமானி என ஒவ்வொரு கருவியும் எவ்வளவு தவறலாம் என்பதையே அந்நாட்டு அரசு எண்ணால் எழுதி வைத்தது. உலக அளவில், சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பு தானிய ஈரமானிகளுக்கென 59ஆம் எண்ணுள்ள பரிந்துரையை 1984இல் வெளியிட்டது.

காவிரிப் படுகையில்

இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1967இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஒரு சிறு தரக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம் எழுந்தது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக விளங்குவது அதுவே. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை இன்று நடத்துவது இக்கழகம்தான்.

அங்கே ஏற்கப்படும் நெல்லுக்குரிய பொது வரம்பு 17 விழுக்காடு ஈரம். ஆனால் குறுவை அறுவடைக்கு வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. ஆகவே விலக்கு கேட்பது வழக்கமாயிற்று. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரையிலும், 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பின் 20 விழுக்காடு வரையிலும் மத்திய அரசு இசைவளித்தது.

செய்தித்தாள்கள் வரம்பைப் பற்றியே எழுதுகின்றன. வரம்பு 17 ஆனாலும் 19 ஆனாலும், மானி ஒரு விழுக்காடு தவறினால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 18 விழுக்காடு ஈரமுள்ள 40 கிலோ மூட்டையில் உலர்ந்த பொருள் 32.8 கிலோ. அதனை 17 விழுக்காட்டிற்குக் காயவைத்தால் மூட்டை 39.5 கிலோவாகும். ஒரு விழுக்காட்டுத் தவறு, மூட்டைக்கு ஏறக்குறைய அரை கிலோ! தராசில் அரை கிலோ குறைந்தால் எவரும் கேட்பார். மானியில் குறைந்தால் எவருக்கும் தெரியாது. மானி குறைத்துக் காட்டினால் நட்டம் அரசுக்கு. கிடங்கில் நெல் கெட்டால் பங்கீட்டு அரிசி வாங்கும் நமக்கும். கூட்டிக் காட்டினால் உழவர் நெல்லைத் திரும்பவும் சாலையில் பரப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

என் மாணவரின் தந்தைக்கு எந்த மானி உண்மை சொன்னது? அறிய வழியில்லை. அன்று யாரும் ஒரு பிடி நெல்லை அடுப்பில் வைத்துப் பார்க்கவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை நெல் எடுத்துச் செல்லும்போது மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். இந்த மானி கடைசியாக எப்போது அடுப்பு முறையோடு ஒப்பிடப்பட்டது? இது நெல்லுக்கான அளவில் வைக்கப்பட்டிருக்கிறதா? மாதிரி ஒரு மூட்டையின் மேற்புறத்திலிருந்து மட்டும் எடுக்கப்பட்டதா, பல மூட்டைகளிலிருந்தா? கேட்பதில் குற்றமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மரக்காலைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம்.