எல்ஜின் சாலை மோட்டார் வண்டி

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களாகிய நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. நாம் வாழும் நகரின் சரித்திரச் சின்னங்களை நாமாகச் சென்று காண்பதில்லை. ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால், அவர்களை அழைத்துச் செல்லும் சாக்கில்தான் காண்கிறோம். கல்கத்தாவில், லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நேதாஜி பவனம் தொலைவில் இல்லை. காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். எல்ஜின் சாலை 38/2ஆம் எண்ணுள்ள அந்த இல்லத்தில் ஒரு பழைய மோட்டார் வண்டி நிற்கிறது. பி.எல்.ஏ. 7169 என்பது அதன் பதிவு எண். அந்த வண்டியைப் பற்றியும், பொதுவாகப் பழைய வண்டி ஒன்றைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொள்வோர் முன்னே நிற்கும் பொறுப்பைப் பற்றியும் இங்கே சிந்திப்போம்.

வாண்டரர் என்பது அவ்வண்டியின் பெயர். ஜெர்மனியில் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ச், வாண்டரர் என்னும் நான்கு மோட்டார் நிறுவனங்கள் 1932இல் ஒன்றுசேர்ந்து ஆட்டோ யூனியன் ஆயின. அவற்றின் இணைப்பைக் குறித்த நான்கு வளையங்களே இன்றும் ஆடி வண்டிகளின் முகப்பில் காணப்படுகின்றன. வாண்டரர் வரிசையில் டபிள்யூ 24 என்ற மாதிரி 1937இல் வெளிவந்தது. நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 1.8 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இஞ்சின். 42 குதிரைத் திறன். மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளோடு ஒப்பிட்டால் ஆடம்பரம் ஏதுமற்ற நடுத்தரக் குடும்ப வண்டி என்றே அதைச் சொல்ல வேண்டும். சரத் சந்திர போஸின் குடும்பத்தில் அவ்வாண்டிலேயே வாங்கப்பட்டு, அவருடைய புதல்வர் சிசிர் குமார் போஸின் பெயரில் அது பதிவாயிற்று.

ஆடம்பரமின்மையே அதற்குச் சரித்திரத்தில் இடம் தேடித் தந்தது. 1940 டிசம்பர் 5ஆம் நாள், சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் நலிந்த நிலையில் சுபாஷ் சந்திர போஸ் விடுவிக்கப்பட்டு, எல்ஜின் சாலை இல்லத்தில் காவலுக்குள் வைக்கப்பட்டார். இல்லத்தைச் சுற்றி ஒற்றர்கள் இருந்தனர். தப்பிச் செல்லும் திட்டத்தில் சாரதிப் பொறுப்பு, 20 வயது மருத்துவ மாணவரான சிசிர் போஸிடம் வந்தது. குடும்பத்தில் ஸ்டூடிபேக்கர் வண்டி ஒன்றும் இருந்தது. அது பெரிய வண்டி, ஆனால் ஊரறிந்த வண்டி. ஆகவே எவர் கண்ணையும் உறுத்தாத வாண்டரரே தேர்ந்தெடுக்கப்பட்டது. சிசிர் அதை ஓட்டிக்கொண்டு பர்த்வான் வரை சென்று திரும்பி, நெடும்பயணத்தை வண்டி தாங்குமா, தாம் தாங்குவோமா என்று முன்கூட்டியே ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

1941 ஜனவரி 16ஆம் நாள் இரவு கழிந்து, மணி ஒன்றரையைத் தாண்டிய வேளையில் வண்டி புறப்பட்டது. ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரதிநிதி முகம்மது ஜியாவுத்தீன் என்ற வேடத்தில் நேதாஜி பின் ஆசனத்தில் அமர்ந்தார். அப்பொழுது நிகழ்ந்த சிறு செயல் ஒன்று நம் கருத்திற்கு உரியது. விழித்திருப்போர் காதில் இரண்டு கதவுகள் மூடும் ஓசை விழுந்தால், வண்டியில் இருவர் செல்வது தெரிந்துவிடும். ஆகவே சிசிர் தம் பக்கத்துக் கதவை மட்டும் ஓசைப்பட மூடினார். நேதாஜி தம் கதவை மூடாமல் கையால் பிடித்துக்கொண்டே சென்றார். சிறிது தொலைவு கடந்த பின்னரே அக்கதவு மூடப்பட்டது. பிறகு கிராண்ட் டிரங்க் சாலை வழியே ஓடி, காலையில் வண்டி தன்பாத் அருகே பராரியை அடைந்தது. சிசிரின் தமையனார் இல்லத்தில் அந்நியர் போலப் பகலைக் கழித்த நேதாஜி, அன்றிரவு அதே வண்டியில் கோமோ நிலையம் சேர்ந்து ரயில் ஏறினார். பெஷாவர், காபூல் வழியாக ஏப்ரல் மாதத்தில் அவர் பெர்லினை அடைந்தார். 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை அவர் ஏற்றபோது, மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்திரளாக அப்படையில் சேர்ந்ததை நாம் அறிவோம். அந்நெடுவழியின் முதல் 300 கிலோமீட்டரை, ஏறக்குறைய, இச்சிறு வண்டி கடந்து தந்தது.

சரித்திரம் ஓரிரவில் நிகழ்ந்துவிடுகிறது. வண்டியோ அதன் பிறகும் வண்டியாகவே இருந்தாக வேண்டும். வாண்டரர் குடும்பத்தின் அன்றாட உபயோகத்திற்குத் திரும்பியது. பின்னர், 1957இல் சிசிர் போஸ் நிறுவிய நேதாஜி ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பில் அது காட்சிப் பொருளாயிற்று. பல பத்தாண்டுகள் ஓடாமல் நின்றது. ஓடாத வண்டி கெடாது என்று எண்ணுவது பிழை. ஓடும் வண்டியைத் தேய்மானம் அரிக்கிறது. நிற்கும் வண்டியை அசையாமையே அரிக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது. தொட்டியில் எஞ்சிய பெட்ரோல் பிசினாகிறது. ரப்பர் வெடிக்கிறது. கல்கத்தாவின் ஈரக்காற்று தகட்டின் மடிப்புகளில் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே துருவை வளர்க்கிறது.

நம் நாட்டில் பழைய வண்டிகள் எஞ்சியிருப்பதற்கே தனியான ஒரு வரலாறு உண்டு. விடுதலைக்கு முன் இங்கு ஓடிய வண்டிகள் முழுமையாக இறக்குமதியானவை. அல்லது, ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் தொடங்கியது போன்ற ஆலைகளில், பாகங்களை வரவழைத்துப் பூட்டப்பட்டவை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இலும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944இலும் நிறுவப்பட்டன. சுதேசி உற்பத்தியைப் பேணும் பொருட்டு 1950களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அயல்நாட்டு வண்டியின் உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. புது வண்டிக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிற நாடுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகளை, இங்கே தெருவோரப் பட்டறைகளின் மிஸ்திரிகள் ஓட வைத்தனர். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தனர், உடைந்ததைப் பற்றவைத்தனர், பழைய இஞ்சின் அடியோடு கெட்டபோது அம்பாஸடர் இஞ்சினையே பொருத்தினர்.

இதனால் விந்தையான ஒரு நிலை உண்டாயிற்று. வண்டியைக் காத்தவர்களே அதை மாற்றியும்விட்டனர். இன்று பழைய வண்டியொன்றைப் புதுப்பிக்க எடுத்துக்கொள்வோர், அதன் மூடியைத் திறந்ததும் மிஸ்திரியைப் பழிக்கத் தொடங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். அது நன்றியாகாது. பொருந்தாத அந்த இஞ்சின் பொருத்தப்படாமல் இருந்திருந்தால், மூடியைத் திறந்து பார்க்க வண்டியே இருந்திராது. மூலத்தைச் சிதைத்தவர் என்று நாம் குறைகூறும் ஏட்டெழுத்தாளர் படியெடுத்திராவிட்டால், பல நூல்கள் நம் கைக்கு வந்தேயிரா. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருளைக் கொண்டு செல்வதே தொழிலாக உள்ள நமக்கு இந்த இக்கட்டு புதிதன்று.

ஆகவே இப்பணியை மேற்கொள்வோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பதன்று. இவ்வண்டியை எந்த ஆண்டிற்கு மீட்கப் போகிறோம் என்பதே. ஒவ்வொரு பழைய வண்டிக்கும் பல ஆண்டுகள் உண்டு. ஆலையை விட்டு வெளிவந்த ஆண்டு ஒன்று. விலைக்கு வாங்கிய குடும்பம் அதைத் தன் விருப்பப்படி மாற்றிய ஆண்டு ஒன்று. மிஸ்திரி உயிர்கொடுத்த ஆண்டு ஒன்று. கதவின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் பூச்சைச் சிறிது சிறிதாகச் சுரண்டினால், மரத்தின் வளையங்களைப் போல நிறங்கள் அடுக்கடுக்காக வெளிப்படும். அவற்றுள் எது நம் நிறம் என்பதைத் தூரிகை தீர்மானிக்க இயலாது; வண்டியின் வரலாறுதான் தீர்மானிக்க வேண்டும்.

அது தீர்ந்த பிறகே கைவேலை தொடங்கும். சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுதல் முதற்படி. கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, கழற்றிய ஆணிக்கும் மரைக்கும் சீட்டுக் கட்டி வைத்தல் இரண்டாம் படி. இதைச் செய்யாதவரின் வண்டி பல ஆண்டுகள் பெட்டிகளிலேயே கிடக்கும். நெடுநாள் நின்ற இஞ்சினை ஆவலால் உடனே சுழற்றிவிடக் கூடாது. சிலிண்டர்களில் எண்ணெய் வார்த்து, ஊறவிட்டு, கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரும் பெட்ரோல் தொட்டியும் கழுவப்பட வேண்டும். துணி சுற்றிய பழைய மின்கம்பிகளும், பிரேக்கின் தேய்ந்த உறுப்புகளும் உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை மாற்றுவதில் தயக்கம் கூடாது. டயரையும் அவ்வாறே கருதலாம். டயர் எந்நாளும் மாற்றுவதற்கென்றே அமைந்த பொருள்.

தயங்க வேண்டிய இடம் வேறு. தகடு, ஆசனம், கைப்பிடி, கடிகாரப் பலகை போன்ற, மனிதர் தொட்டுப் பழகிய பகுதிகளே அவை. பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகச் செய்வது பல வேளைகளில் எளிது, மலிவும்கூட. புத்தம்புதுத் தகட்டால் வாண்டரரின் பின்கதவைவிட அழகிய கதவொன்றை நல்ல பட்டறைக்காரர் எவரும் செய்துவிடுவார். ஆனால், மூடும் ஓசை எழாதபடி இருளில் ஒரு கை பற்றிச் சென்ற கதவாக அது ஆகாது. பளபளப்பு பணத்திற்குக் கிடைக்கும். அந்தப் பற்றுதல் கிடைக்காது. வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி, நாம் செய்யாமல் விட்டவற்றில்தான் தங்கியிருக்கிறது.

எல்ஜின் சாலை வண்டியை மீட்கும் பணியில் ஆடி நிறுவனமும் நேதாஜி ஆராய்ச்சி நிலையமும் கைகோத்தன. அவ்வண்டி 1937இல் ஆலையிலிருந்து வந்தது. எனினும் 1941இல் இருந்த தோற்றமே குறிக்கோளாகக் கொள்ளப்பட்டது. அதன் நீண்ட வாழ்வில் நாட்டிற்கு உரியது எந்த ஆண்டு என்பதில் ஐயத்திற்கு இடமில்லையன்றோ? பணி முடிந்து, 2017 ஜனவரி 18ஆம் நாள், அந்நாளைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர்கள் நேதாஜி பவனத்தில் வண்டியை மக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தார்கள். கோமோ நிலையத்தில் நேதாஜி ரயிலேறியதற்கு அப்பொழுது 76 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நிலையம் 2009 முதல் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எல்லா வண்டிகளுக்கும் இத்தகைய பெருமை வாய்ப்பதில்லை. ஆயினும் பழமையைச் சட்டமும் மதிக்கத் தொடங்கியிருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவிலேயே உள்ள இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய, 2021இல் மத்திய சர்க்கார் விதிகளை வெளியிட்டது. அவ்வாறு புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் வி.ஏ. என்ற இரண்டு எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சிக்கும் அணிவகுப்பிற்கும் அவற்றை ஓட்டலாம். வாடகைக்கும் வாணிபத்திற்கும் ஓட்டலாகாது. மூல வடிவம் என்பதைச் சட்டமே வலியுறுத்துவதால், மீட்பவரின் பொறுப்பு மேலும் கூடுகிறது.

நம்முள் சிலருடைய வீட்டு ஓரத்திலும், தந்தையார் நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ டில்லியிலோ வேலை பார்த்த காலத்தில் வாங்கிய அம்பாஸடரோ பியட்டோ, தார்ப்பாய் போர்த்தி நிற்கக்கூடும். விற்றுவிடலாமா, எடுத்துச் சீர்செய்யலாமா என்ற பேச்சு அவ்வீட்டில் ஆண்டுதோறும் எழுந்து அடங்கும். சீர்செய்யத் துணிவோர் பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள மூத்தோரை அழைத்து, அவ்வண்டியில் எப்போது, எங்கே, யார் யார் சென்றோம் என்று கேட்டு எழுதிவைப்பார்களாக. அந்தப் பேச்சிலேயே எந்த ஆண்டு என்பது புலப்பட்டுவிடும். பிறகு, அந்த ஆண்டில் எவர் கையேனும் பற்றியிருந்த கைப்பிடியை மட்டும் மாற்றாமல் விடும்படி மிஸ்திரியிடம் சொல்ல வேண்டும். அதன் முலாம் சிறிது போயிருந்தால் என்ன? போகட்டும்.