புறக்கோட்டையும் மாகாணங்களும்

கொழும்புக் கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற வணிக நகரை நேயர்கள் நன்கறிவர். ஆங்கில அரசு 1833ஆம் ஆண்டில் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தது. 1889இல் அவை ஒன்பதாயின. அவ்வெல்லைகளைக் கடந்து மாகாணங்களை ஒன்றோடொன்று பிணைத்தது புறக்கோட்டை வாணிகமாகும்.

மத்திய மாகாண மலைகளில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் விளைவித்தனர். அவர்கள் உண்ட அரிசியை இறக்குமதி செய்வதற்கு வேண்டிய கடனைச் செட்டியார் தெரு நகரத்தார் வழங்கினர். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடிற்று. வடமேல் மாகாணத்துத் தேங்காயும் தென் மாகாணத்துக் கறுவாவும் கொழும்பை நாடின. 1905இல் காங்கேசன்துறைப் பாதை நிறைவெய்தவே, யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிரதமேறிப் புறக்கோட்டையை அடைந்தது.

இப்பிணைப்பு அறுபட்டதும் உண்டு. 1983 ஆடிக் கலவரத்திற் புறக்கோட்டைத் தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. 1990இல் போரினால் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. பாதை அடைபட்ட காலத்தில் வடபுலத்து உழவன் சந்தையை இழந்தான். தென்புலத்துக் குடும்பங்கள் அவன் விளைபொருளை இழந்தன. ஒரு மாகாணத்தின் நலிவு ஏனையவற்றையும் தாக்கும் என்பதைப் புறக்கோட்டையின் வரலாறு உணர்த்துகின்றது.